கழுத்தடியில் ஒரு விலா

வண்டியூர்,
9.6.2024

அன்புள்ள ஜெசி,

உன் போனுக்கு எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நேற்று ரெஜினா போனிலிருந்து அடித்தேன். மணி போனது, என் பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் டீச்சரம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் உன் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பிறவியிலயே இருக்கிற எலும்பு இது. இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நெஞ்சுக்குப் படம் எடுத்ததில்லையா?" என்று கேட்டாரே, அப்போது நீ கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாய். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மருந்தை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பி வராமல் இருந்தேன். நீ வாயால் கேட்காததற்குப் பதில் இது.

ஆமாம், எடுத்தோம். நான்தான் எடுத்தேன். 2013 ஏப்ரல். உனக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்று நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். "மூச்ச இழுத்துப் பிடி, ஆடாத" என்று சொல்லச் சொல்ல நீ சிரித்துக்கொண்டே இருந்தாய், இரண்டு படம் வீணாகிவிட்டது. மூன்றாவது படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அதை மட்டும்தான் உன்னிடம் சொன்னேன்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. நம் எல்லோருக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா. உனக்கு வலது பக்கம் முதல் விலாவுக்கும் மேலே, கழுத்து முடிகிற இடத்தில், இன்னொரு விலா. சுண்டுவிரல் நீளம் இருக்கும், கீழ்நோக்கி வளைந்திருந்தது. கழுத்து விலா என்று சொல்வோம். நூறு இருநூறு பேரில் ஒருவருக்கு இருக்கும். முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். படம் பார்க்கிற டாக்டரும் அதைத்தான் சொன்னார். "ஒன் தங்கச்சியாப்பா? பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கை மரத்துப்போகுது, வெளுத்துப்போகுதுன்னு எப்பவாச்சும் சொன்னா ஒடனே கூட்டிட்டு வா. கைக்குப் போற ரத்தக்குழாய் அது மேலதான் ஏறி எறங்குது."

உன் கல்யாணத்துக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "பிறவியிலயே எலும்பு கூடன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா ஊனம்னு சொல்லிருவாங்கடா, வாயத் தொறக்காத" என்றார். படத்தை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்பா சொல்லை மீற எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை ஜெசி. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? மச்சானைக் கேட்டால் "இருக்கு" என்று மட்டும் சொல்கிறார்.

உன் அண்ணன்,
ஜூடு


திருமங்கலம்,
30.6.2024

திரு. ஜூடு அவர்களுக்கு,

இது இடக்கையால் எழுதுவது. பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள். இரண்டு வாரம் அ, ஆ எழுதினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் இரட்டைக்கோடு நோட்டில். இப்போது இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பதில் போட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு இல்லை. கட்டைவிரலில் மேல் கணு இல்லை. சுண்டுவிரல் முழுசாக இருக்கிறது. வலிப்பது சுண்டுவிரல் இல்லை, இல்லாத மூன்றும்தான். கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். அதை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

எனக்கு மூன்று வருடமாகக் கை மரத்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் நாலாவது வரியில் சாக்பீஸ் விழும். பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு எண்ண ஆரம்பித்தார்கள். "டீச்சர், இன்னைக்கு ஆறு தடவ" என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். இங்கே உள்ள டாக்டர் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு. கழுத்துப் பட்டை போட்டேன். ஒத்தடம் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்தேன். 'கழுத்தில் ஒரு எலும்பு கூடுதலாக இருக்கிறது.' ஐந்து சொல். அந்த ஐந்து சொல் எனக்குத் தெரிந்திருந்தால் அந்த டாக்டரிடம் சொல்லியிருப்பேன். அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

மார்ச் மாதம் ஐந்தாம் வகுப்பில் பின்னக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது கை வெளுத்து, பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து, வலியில் கீழே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இந்த முறை சிரிக்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விரல்நுனி கறுத்துவிட்டது. எலும்பு உரசி உரசி ரத்தக்குழாய் புண்ணாகி, உள்ளே ரத்தம் உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு இறங்கியிருக்கிறது என்று பெரிய டாக்டர் படம் போட்டு விளக்கினார். கறுத்த விரல்களை மே கடைசியில்தான் எடுத்தார்கள், அந்த விலாவையும் எடுத்துவிட்டார்கள். இனி அது எனக்கு எதற்கு?

உங்களிடம் ஒரு கேள்வி. 2022 கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டோம். குழம்புச் சட்டியை நழுவ விட்டேன். "கை மரத்துப்போச்சுண்ணே, இப்பல்லாம் அடிக்கடி இப்படித்தான்" என்றேன். நீங்கள்தான் குனிந்து தரையைத் துடைத்தீர்கள். அப்போது உங்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்ததா, இல்லையா?

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் அவரோடு பேசப் போவதில்லை. என் கையைவிடக் கல்யாணப் பத்திரிகை பெரிதாக இருந்திருக்கிறது அவருக்கு. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

ஜெசிந்தா அருளப்பன்


வண்டியூர்,
14.7.2024

அன்புள்ள ஜெசி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கி இருந்தது. உன் எழுத்தைக் காட்டித்தான் அம்மா இருந்தவரை என்னைத் திட்டும், ஞாபகம் இருக்கிறதா? கடிதத்தை வேலைக்கு எடுத்துப்போய், ஆள் இல்லாத நேரத்தில் எக்ஸ்ரே அறைக்குள் நின்று படித்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு தடவை 'ஞாபகம் வரவில்லை' என்று எழுதினேன். இரண்டு தடவையும் கிழித்தேன்.

ஞாபகம் வந்தது.

தரையைத் துடைக்கும்போதே வந்தது. குழம்பைப் பார்க்கவில்லை நான், அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். நிமிர்ந்தால் எதிரே மச்சான், அவர் அம்மா, ரெஜினா. 'அந்த எலும்புதான் காரணமாக இருக்கும்' என்று அப்போது சொல்லியிருந்தால் எந்த எலும்பு, உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டிருப்பார்கள். ஒன்பது வருடமாகத் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அப்புறம் புத்தாண்டு வந்தது, பொங்கல் வந்தது. அப்புறம் நீ கழுத்துப் பட்டையோடு வந்தாய். தேய்மானமாம் என்றாய்.

இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. அந்தப் பட்டையை உன் கழுத்தில் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது ஜெசி. சரி, வேறு ஏதோ, அது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தினமும் இருபது முப்பது படம் எடுக்கிறவன். ஒரே ஒரு படம் எடுத்தால் தெரிந்துபோயிருக்கும். உன்னை மறுபடியும் அந்த மெஷின் முன்னால் நிறுத்த எனக்குப் பயம்.

எல்லாவற்றையும் என் மேல் வைத்துக்கொள். அப்பாவை விட்டுவிடு. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருதயமும் வீங்கியிருக்கிறதாம். உனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. திருமங்கலம் போய் உன்னைப் பார்த்தே தீருவேன் என்கிறார். நான் தடுத்தாலும் கேட்கிற மாதிரி இல்லை. வந்தால் ஒரு வாய் தண்ணீர் கொடு. எலும்பைப் பற்றி மட்டும் எதுவும் கேட்காதே. அவருக்குத் தாங்காது.

ஜூடு


திருமங்கலம்,
4.8.2024

ஜூடு,

நிம்மதியாக இருந்தது என்று எழுதிய வரி வந்ததும், மீதியை நாலு நாள் படிக்காமல் மடித்து வைத்திருந்தேன். பிறகு படித்தேன். உண்மையைச் சொன்னதற்காக நன்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. 'நீங்கள்' எழுதக் கை வலிக்கிறது, அதனால் 'நீ'.

அப்பா போன செவ்வாய்க்கிழமை வந்தார்.

நான் வீட்டில் தனியாக இருந்தேன். கேட்டுக்கு வெளியே கறுப்புக் கண்ணாடியோடு, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி இரண்டு பஸ் ஏறி வந்திருக்க வேண்டும், சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "ஜெசி, அப்பா வந்திருக்கேன்மா" என்றார். நான் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். திறக்கவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. போங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெயிலில் கண் கூசி நீர் வழிந்தது. "தப்புதாம்மா. அப்பா மேல தப்புதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால்கூட நான் கதவைத் திறந்திருப்பேனோ என்னவோ. பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் நடந்து போனார். எதிர் வீட்டு இருளாயி ஓடிப்போய்க் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டுவந்தாள். வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

பையை ஜோவிதாதான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தாத்தா பை என்று உள்ளே எடுத்து வந்தாள். ஒரு கரண்டி, ஒரு சீப்பு, இரண்டு பேனா. எல்லாவற்றின் பிடியிலும் சைக்கிள் டியூபை வெட்டி மொத்தமாகச் சுற்றியிருந்தார், விரல் இல்லாத கையிலும் பிடிபடும்படி. நான் தொடவில்லை. இந்தக் கடிதமும் பழைய பேனாவில்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியதை உன் மச்சானிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். பக்கத்தில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலை நிமிரவே இல்லை. அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியும். சொல்லியிருக்கட்டுமே. கல்யாணம் நின்றிருக்கும், விரல் இருந்திருக்கும். ஆனால் அப்படி நினைத்தால் ஜோவிதா இல்லை. அதனால் அதையும் முழுசாக நினைக்க முடியவில்லை. கோபத்தைக்கூட எனக்கு முழுசாக விட்டுவைக்கவில்லை நீங்கள் இரண்டு பேரும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன், ஒரு பிள்ளை பலகையில் எழுதுகிறாள். 'ற' வரும் இடத்திலெல்லாம் 'ர' போடுகிறாள். எழுந்து போய்த் திருத்தக் கை தானாக உயர்கிறது.

ஜெசிந்தா


மதுரை,
22.8.2024, காலை

ஜெசி,

திங்கட்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிவிட்டது. இன்று காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

உன்னைத்தான் கேட்கிறார். கண்ணைத் திறந்தால் உன் பெயர்தான். கோபத்தையெல்லாம் என் மேல் வை, இன்றைக்கு மட்டும் அவரிடம் காட்டாதே. ரெஜினாவிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன். மலையாண்டி ஆட்டோ வாசலிலேயே நிற்கும். அதிலேயே வந்துவிடு ஜெசி.

ஜூடு


திருமங்கலம்,
22.8.2024

ரெஜினா நின்றுகொண்டிருக்கிறாள். சுருக்கமாக எழுதுகிறேன்.

வரக்கூடாது என்று எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கட்டில் பக்கத்தில் நான் எப்படி நிற்பேன்? கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டா? அவர் வாயால் ஒரே ஒரு வார்த்தை வேண்டும். 'நான்தான் ஜெசி, மறைக்கச் சொன்னது.' கேட்டில் நின்று பொத்தாம்பொதுவாகத் தப்பு என்றது எனக்குப் போதாது. அதை அவரைச் சொல்லச் சொல்லி, போனில் பதிந்து அனுப்பு. வந்த நிமிஷம் கிளம்பிவிடுகிறேன். ஆட்டோவைக்கூட நிறுத்திவைக்கிறேன்.

பேசக்கூட முடியாமல் இருந்தால், 'ஆமாம்' என்று தலையை ஆட்டினாலும் போதும்.

ஜெசிந்தா


வண்டியூர்,
6.10.2024

ஜெசி,

நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. நீ வரவில்லை. அடக்கத்துக்கு வந்து, கோயில் வாசலில் தூணோரம் நின்று, மண் போடுவதற்கு முன்பே நீ போய்விட்டதைப் பார்த்தேன். அப்போதே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போலச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது ஜெசி.

நான் அவரிடம் படத்தைக் காட்டவே இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டியதெல்லாம் நான் எழுதிய பொய். படம் ஸ்கேன் சென்டரிலேயே என் அலமாரியில் கிடந்தது. பழைய படங்களை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு வாங்க வருகிற ஆளிடம், உன் கல்யாணம் முடிந்த மாதமே அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். 'வாயைத் திறக்காதே' என்று சொன்னது நான்தான், எனக்கு நானே.

ஏன் என்று உனக்கே தெரிந்திருக்கும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் நம்முடையது. உனக்கு அருளப்பன், எனக்கு அவர் தங்கச்சி. ஒரே நாளில் ஒரே பேச்சில் முடிந்த இரண்டு கல்யாணம். உன்னுடையது நின்றால் என்னுடையதும் நின்றுவிடும். ரெஜினாவை அதற்கு முன் நாலு தடவைதான் பார்த்திருந்தேன். அவள் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டிருந்தது. அந்த டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார், கை மரத்தால் கூட்டி வா என்றும் சொன்னார். முதல் பாதியை வைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் உனக்கு எழுத உட்கார்ந்தபோது 'நான்' என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதும்போது 'அப்பா' என்று வந்தது. வயசானவர், அப்பா என்றால் நீ சீக்கிரம் மன்னித்துவிடுவாய், பிறகு மெதுவாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் எத்தனை 'பிறகு' பார்.

உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய அன்று அப்பா என்னிடம் சொன்னது: "வெரல எடுத்த அன்னைக்கு நான் போகலேன்னுதான்டா அவளுக்குக் கோவம். கண் ஆபரேஷனத் தள்ளிப் போட்டிருக்கணும். புள்ள கோவத்துல நியாயம் இருக்குடா. அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டு வந்துட்டேன்." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன்.

கடைசி நாள் ரெஜினா உன் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வராந்தாவில் நின்று படித்தேன். நீ கேட்ட அந்த வார்த்தையை நான் யாரிடம் வாங்குவேன்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். "வாராளா?" என்றார். "வந்துக்கிட்டே இருக்காப்பா" என்றேன். தலை கலைந்து கிடக்கிறது, சீவிவிடு என்றார். சீவிவிட்டேன். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு நர்ஸ் வந்து, திறந்தபடி இருந்த அவர் கண்ணை மூடினார்.

இன்று ரெஜினாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு, அதாவது உன் வீட்டுக்கு, கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடமே கொடுக்கிறேன். தபாலில் போட்டால் போடாமலே வைத்திருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கிறேன். எதற்கு என்று வரிசைப்படுத்திக் கேட்கத் தெரியவில்லை.

ஜூடு


திருமங்கலம்,
12.12.2024

ஜூடு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இடக்கை இப்போது வேகமாக ஓடுகிறது, திட்டுவதற்கு வசதியாக. எழுதிய எதுவும் அனுப்பும்படி இல்லை.

ரெஜினா இங்கேதான் இருக்கிறாள். உன்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் என் தலையைப் பின்னிவிடுகிறாள். அவள் உன்னிடம் திரும்பி வருவதும் வராததும் அவள் முடிவு, நான் தூது போக மாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வண்டியூருக்கு வந்தேன், நீ வருவதற்கு முன்னால், விடிந்ததும். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு தீக்குச்சி உரசத் தெரியவில்லை எனக்கு. பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு அம்மா பற்ற வைத்துக் கொடுத்தார்கள். அப்பாவிடம் பேச வேண்டும் என்று நிறைய யோசித்து வந்திருந்தேன். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாமேப்பா" என்று ஆரம்பித்தேன். அதோடு எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பொய் உன்னுடையது. ஆனால் கதவைத் திறக்காதது நான். வகுப்பில் ஒரு பிள்ளை 'தப்புதான் டீச்சர்' என்று சொன்னால், என்ன தப்பு செய்தாய் என்று கேட்காமல் விட மாட்டேன். பதினைந்து வருடமாக அதுதான் என் வேலை. அப்பா வெயிலில் நின்று தப்பு என்றபோது, எந்தத் தப்பு என்று நான் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே எல்லாம் வெளியே வந்திருக்கும். அது என் பங்கு. அதை நீ உன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மன்னிப்பு என்று எழுதியிருக்கிறாய். விரலுக்காக மட்டும் என்றால் என்றைக்காவது ஒரு நாள் வந்திருக்கும். அப்பா தலை சீவிக்கொண்டு காத்திருந்ததற்கு வராது. வருவதாக நடிக்கவும் என்னால் முடியாது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

போன வாரம் ஜோவிதாவுக்குக் காய்ச்சலும் சளியும். நாலு நாள் விடாமல் இருந்ததால் இங்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். சின்ன வயசு லேடி டாக்டர். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். பிறகு படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இவளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

அந்த டாக்டர் நல்லவர். உட்கார வைத்து விளக்கினார். இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டினால் போதும் என்றார். கை மரத்தாலோ குளிர்ந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் வரச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜோவிதா அப்போது ஊசி போடும் இடத்தில் ரெஜினாவோடு இருந்தாள். வெளியே வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் என்னம்மா சொன்னாங்க, இம்புட்டு நேரமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணுமில்லடி. வெறும் சளிதான்" என்றேன்.

வாயிலிருந்து அப்படியே வந்தது. ஒரு நொடி யோசிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எட்டு நாள் ஆகிறது, இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்று நினைப்பேன், சாப்பிடட்டும் என்று விட்டுவிடுவேன். பரீட்சை முடியட்டும் என்று நினைப்பேன். என் கையைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளை, உனக்கும் அதே எலும்பு என்று நான் சொன்னால் அவள் என் கையைத்தான் பார்ப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஜூடு. நீ எப்படி ஆரம்பித்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் உன் மேல் கோபம் குறையவில்லை.

அதனால் நீ வா. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினொரு மணிக்கு. இருபது வருடமாக எலும்பு பார்க்கிறவன் நீ. படத்தை வைத்து அவளுக்கு நீயே சொல். ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, பயமுறுத்தாமல், ஆனால் ஒன்றையும் விடாமல். கை மரத்தால் யாரிடம் சொல்ல வேண்டும், நான் இல்லாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் இருந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம். உன் மச்சானும் ரெஜினாவும் இருப்பார்கள், அத்தையும் இருப்பார்கள். அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முடித்ததும் நீ போய்விடலாம். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல மாட்டேன், எதிர்பார்க்காதே.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். கேள்வி மேல் கேள்வி கேட்பாள், உனக்கே தெரியும். "அம்மாவுக்கும் இந்த எலும்புதானா மாமா? ஒங்களுக்கு அது மொதல்லயே தெரியுமா?" என்று கட்டாயம் கேட்பாள்.

அதற்கும் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஜெசி